பூச்செண்டின் ஆயுள்: செங்கழுநீர் நாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

செங்கல்பட்டு என்னும் பெயரைக் கேட்போர் பலர் அங்கே செங்கல் சூளைகள் நிறைந்திருந்தன போலும் என்று எண்ணுவர். ஊர்ப்பெயர்களை ஆய்ந்தோர் கூறுவது வேறு. செங்கழுநீர்ப்பட்டு என்பதே நாளடைவில் மருவி இவ்வாறு ஆயிற்று என்பர் அவர். செங்கழுநீர் என்பது ஆம்பல் இனத்தைச் சேர்ந்த செந்நிற நீர்ப்பூ. ஏரிகள் மலிந்த இந்நாட்டிற்கு அப்பெயர் முற்றும் பொருந்தும். இன்றும் ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் கொளவாய் ஏரியைக் கண்டோர் இதனை ஒப்புக்கொள்வர்.

அங்கிருந்து கிழக்கே கடற்கரை நோக்கி நடந்தால் அங்கும் பூவின் பெயரே நம்மை எதிர்கொள்ளும். கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் எனப்பட்டது யாவரும் அறிந்ததே. நெய்தலும் ஒரு நீர்ப்பூவே. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டித் தாழம்பூர் என்றே ஓர் ஊர் உண்டு. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயிலைப் பற்றி வைணவர் கூறும் தலக்கதையும் பூவைப் பற்றியதே. புண்டரீகர் என்னும் முனிவர் தாமரை மலர்களைக் கொய்துகொண்டு, தம் இறைவனுக்கு அவற்றைச் சேர்ப்பிக்க வழியில்லாமல், குறுக்கே நின்ற கடலையே கையால் இறைத்துக்கொண்டிருந்தார் என்பது அக்கதை. கொய்த பூ வாடுமுன் உரிய இடம் சேர வேண்டுமே என்னும் கவலை இக்கடற்கரைக்குப் பழையது என்பதை இதனால் அறிகிறோம்.

அந்தக் கவலையின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். கொய்த பூவை வாடாமல் காக்க மனிதன் என்னென்ன செய்தான்? அவற்றுள் நம் வீட்டுக்கு உரியவை எவை? இதனை ஒரு பொழுதுபோக்கான கேள்வி என்று தள்ளிவிட இயலாது. இந்நாளில் நம் திருமண மண்டபங்களில் மணமக்களுக்குப் பூச்செண்டு வழங்குவது பெருகிவிட்டது. நூற்றுக்கணக்கில் செலவிட்டு வாங்கிய செண்டுகள் மறுநாள் காலை மண்டபத்தின் பின்புறக் குப்பையில் குவிந்து கிடப்பதைக் காண்கிறோம். இதைக் கண்டு மனம் வருந்திய பெரியோர் சிலர், பூச்செண்டே வீண்விரயம், அதனை விலக்குக என்று கூறத் தொடங்கியுள்ளனர். விரயம் என்பது உண்மைதான். ஆயின் விரயம் பூவிலா இருக்கிறது, அதை நாம் நடத்தும் முறையிலா என்பதை ஆராயாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

மார்க்கத்தின் நோக்கை முதலில் காண்போம். நறுமணமுள்ள ரைஹானை ஒருவருக்கு நீட்டினால் அவர் அதனை மறுக்கலாகாது, சுமப்பதற்கு அது இலேசானது, மணமோ இனியது என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ரைஹான் என்னும் சொல்லை நாம் திருநீற்றுப்பச்சை என்னும் செடிக்கே உரியதாகக் கொள்கிறோம். அரபு அகராதிகளோ நறுமணமுள்ள செடி எதனையும் அச்சொல் குறிக்கும் என்று கூறும். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் தானியத்தை அடுத்து ரைஹானைக் குறிப்பிட்டு அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டுகிறான். ஆகவே பூவைப் பரிசாகத் தருவதும் பெறுவதும் விலக்கப்பட்டவையல்ல. ஏற்பது நன்று எனப்பட்ட பரிசை ஏற்ற அன்றே எறிந்துவிடுவது ஏற்றதாகுமா என்பதே கேள்வி.

இனி மொழியை நோக்குவோம். பூவின் வாழ்வைத் தமிழர் எத்துணை நுணுக்கமாகக் கவனித்தனர் என்பதற்குச் சொற்களே சான்று. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு நிலைகளுக்கு ஏழு பெயர் வைத்தனர். தோன்றுவது அரும்பு, முகிழ்ப்பது முகை, முழுதும் விரிந்தது அலர், வாடுவது வீ, வதங்கியது செம்மல். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்தியதைப் புலவர்கள் வியந்து பேசுவர். ஒரே பூவுக்கு ஏழு பருவம் கண்டதும் அதற்குக் குறைந்த வியப்பன்று. அரபியரும் இத்துறையில் பின்தங்கியவரல்லர். பூவை மூடியிருக்கும் உறைக்குக் கிம்மு என்று பெயர், மொட்டுக்குப் புர்உம், மலருக்கு நவ்ர் என்றும் ஸஹ்ர் என்றும் இருசொல். வெண்ணிறமானது நவ்ர், மஞ்சள்நிறமானது ஸஹ்ர் என்று வேறுபடுத்துவாரும் உளர்.

இச்சொல்லாராய்ச்சி வெறும் இலக்கியச் சுவைக்காக அன்று. பூவைக் காக்கும் கலையின் முதல் விதி இதில் அடங்கியிருக்கிறது: எந்தப் பருவத்தில் கொய்வது என்பதே அவ்விதி. மல்லிகையைப் பொழுது புலருமுன் மொட்டாகவே பறிப்பர். அது அன்று மாலை மலரும். அலர்ந்த பின் பறித்தால் சந்தை சேருமுன் வீயாகிவிடும். மிக இளம் அரும்பாகப் பறித்தால் மலராமலே கருகும். புவிசார் குறியீடு 2013ஆம் ஆண்டில் பெற்ற மதுரை மல்லி வெளிநாடுகளுக்குச் செல்வதும் இந்த ஒரு நாள் இடைவெளியைக் கொண்டே. சம்பங்கித் தண்டைச் செண்டுக்கு வெட்டும்போது அடியில் ஓரிரு பூக்கள் விரிந்ததும் வெட்டுவர். மற்றவை நீரில் நின்றபடியே கீழிருந்து மேலாக மலரும். ரோஜாவைப் புற இதழ்கள் ஒன்றிரண்டு நெகிழத் தொடங்கிய நிலையில் கொய்வர். ஆகவே செண்டு வாங்குவோர் முழுதும் விரிந்த பூவை விரும்பி எடுப்பது பேதைமை. பார்வைக்கு அழகாயினும் அதன் வாழ்நாளின் பெரும்பகுதி கடைக்காரரிடமே கழிந்துவிட்டது.

பூவைக் காக்க மனித குலம் கண்ட வழிகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நம் தமிழ்நாட்டு வழி. நம் முன்னோர் பூவைத் தண்டோடு வெட்டி நீரில் வைக்கவில்லை. காம்பளவில் கொய்து தொடுத்தனர். தொடுத்த பூவுக்கு நீர் குடிக்க வாய் இல்லை. அதனிடம் உள்ள ஈரத்தைக் காப்பது ஒன்றே அதற்குச் செய்யக்கூடிய உதவி. அதனாலேயே நனைத்த வாழைநாரில் தொடுத்தனர். வாழையிலையிலும் தாமரையிலையிலும் பொதிந்தனர். ஈரத்துணி சுற்றிக் கூடையில் வைத்தனர். வீட்டில் மண்பானையின் மேல் வைத்துக் காத்தனர். நாரின் ஈரம் சிறிது சிறிதாக ஆவியாகிப் பூவைக் குளிர்விக்கும். இலை அந்த ஆவியை வெளியே போகவிடாமல் தடுக்கும். ஆனால் நீர் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டால் இதழ் பழுத்து அழுகும். ஈரம் வேண்டும், நீர் நிற்கலாகாது என்பது நம் வீட்டுப் பெண்டிர் ஏட்டில் எழுதி வைக்காத சட்டம். இந்நாளில் நாருக்குப் பதில் நூலும், இலைக்குப் பதில் பிளாஸ்டிக் பையும் வந்துவிட்டன. நூல் ஈரத்தைத் தேக்காது. பை காற்றை அடைத்துப் பூவை வியர்க்க வைக்கும். பழைய முறை அழகுக்காக ஏற்பட்டதன்று, அறிவால் ஏற்பட்டது என்பதை மறந்ததன் விளைவு இது.

இரண்டாவது வழி, பூவின் உடலை விட்டு அதன் மணத்தை மட்டும் காப்பது. இத்துறையில் முஸ்லிம் அறிஞர்களின் தொண்டு பெரிது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தீ, நறுமணப் பொருள்களின் வேதியியலையும் வாலைவடித்தலையும் பற்றித் தனி நூலே இயற்றினார். அதில் கூறப்பட்ட செய்முறைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. பாரசீகத்தின் ஜூர் நகரத்துப் பன்னீர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்றதை 10ஆம் நூற்றாண்டின் புவிநூலார் இப்னு ஹவ்கல் குறித்துள்ளார். நிக்காஹ் சபையில் நாம் தெளிக்கும் பன்னீர் அந்தக் கடல்வாணிபத்தின் எச்சம். குல்கந்து என்னும் சொல் பூவையும் சர்க்கரையையும் குறிக்கும் இரு பாரசீகச் சொற்களின் கூட்டு. மல்லிகைக்கு அறிவியலார் இட்ட பெயரின் பிற்பகுதியான சம்பாக் என்பது, மல்லிகை எண்ணெயைக் குறித்த ஸன்பக் என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது. நம் நாட்டுப் பூ, அரபியர் வாயில் பெயர் பெற்று, ஐரோப்பியர் ஏட்டில் பதிவாயிற்று.

இந்த இரண்டாம் வழிக்கு நம் கடற்கரையிலேயே ஓர் இயற்கைச் சான்று உண்டு. அதுதான் தாழை. மணற்பாங்கான இக்கரையோரத்திலும் கழிமுகங்களிலும் வேரூன்றி நிற்கும் இச்செடியில் மணமுள்ள பூவைத் தருவது ஆண்செடியே. அதன் மடல் உலர்ந்த பின்பும் மணம் போகாது. அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபழ்ல் தம் ஆயினே அக்பரீயில் நறுமணக் கூடத்தைப் பற்றியும் மணமலர்களைப் பற்றியும் விரிவாக எழுதியவர். தாழையினத்துக் கேவடாவைப் பற்றிக் கூறுமிடத்து, வாடிய பிறகும் அது மணக்கும், ஆகவே மக்கள் அதைத் துணிமணிகளுக்கிடையே வைப்பர் என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார். பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கிடையே தாழம்பூ மடலை வைக்கும் நம் பாட்டிமார் அபுல் ஃபழ்லைப் படித்தவரல்லர். இருப்பினும் ஆக்ராவின் அரண்மனையும் கோவளத்துக் குடிசையும் ஒரே முடிவுக்கு வந்தன. இத்தாழை மணலைப் பிடித்து நிறுத்தும் வேலியும் ஆகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின்னர், கரையோரத் தாவர வேலியின் அருமை பலராலும் உணரப்பட்டது.

மூன்றாவது வழியே நம் தலைப்புக்கு நேரானது: தண்டோடு வெட்டிய பூவைக் குவளை நீரில் வாழவைப்பது. கீழை முஸ்லிம் நாடுகளில் இது புதிதன்று. பாரசீகர் நர்கிஸ் மலருக்கென்றே குவளை செய்து நர்கிஸ்தான் என்றனர். துருக்கியர் ஒற்றை லாலாப்பூ நிற்கும் ஒடுங்கிய கழுத்துடைய குவளையை லாலேதான் என்றனர். அந்த லாலாவே 16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் நாட்டினின்று ஐரோப்பா சென்று துலிப் ஆயிற்று. ஹாலந்தில் அதன் கிழங்குக்கு விலை வெறிகொண்டு ஏறி 1637ஆம் ஆண்டில் வீழ்ந்த கதை பொருளியல் நூல்களில் இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஹாலந்துக்காரர் நம் கரைக்கும் வந்தனர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் தளம் அமைத்தனர். அவர்தம் கோட்டையும், சித்திரம் செதுக்கிய கல்லறைகளும் இன்றும் அங்கே காணக் கிடக்கின்றன. அவர்கள் இங்கே தேடி வந்தது துணி, பூவன்று. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவ்விடம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதே ஹாலந்தில் ஆல்ஸ்மீர் என்னும் ஊரில் 1911-12 வாக்கில் தொடங்கிய பூ ஏலம் இன்று உலகப் பூவாணிபத்தின் தலைமைச் சந்தையாக விளங்குகிறது. ஒரே கண்டத்தில் வெட்டிய பூ மறுகண்டத்தில் விற்கப்படும் இக்காலத்தில், பூவின் ஆயுளை ஒரு நாள் நீட்டிப்பது பெரும் செல்வமாகிவிட்டது. அதனால்தான் பூ ஏன் வாடுகிறது என்பதை அறிவியலார் ஆழ்ந்து ஆராய்ந்தனர்.

நம் பகுதியில் குவளைப்பூவும் கைச்செண்டும் ஆங்கிலேயர் இல்லங்களின் வழியே பரவின. தோட்டக்கலையை வளர்க்கவென்று சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எனினும் நம் பொதுமக்கள் இல்லத்திற்குச் செண்டு வந்தது அண்மைக்காலத்தில்தான். வந்தது பூ மட்டுமே. அதைக் காக்கும் அறிவு உடன் வரவில்லை. தொடுத்த மல்லிகையைக் காக்கத் தெரிந்த நம் இல்லத்தார் தண்டுள்ள ரோஜாவைக் காக்கத் தெரியாமல் தவிப்பதன் காரணம் இதுவே.

இனி, பூ ஏன் வாடுகிறது என்பதைச் சுருங்கச் சொல்வோம். காரணங்கள் நான்கு.

முதற்காரணம் தாகம். செடியின் தண்டில் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் உள. இலையிலும் இதழிலும் நீர் ஆவியாகுந்தோறும் கீழிருந்து நீர் இழுக்கப்படுகிறது. அறுபடாத நூல்போல் அந்நீர் மேலேறுகிறது என்பதை டப்ளின் நகரத்து அறிஞர் டிக்சன், ஜாலி இருவரும் 1894ஆம் ஆண்டில் விளக்கினர். தண்டை வெட்டியவுடன் அக்குழாய்களின் வாயில் காற்று புகுந்துவிடுகிறது, நூல் அறுந்துவிடுகிறது. குவளை நிறைய நீர் இருந்தும் ரோஜா கழுத்து வளைந்து தொங்குவது இதனாலேயே.

இரண்டாவது காரணம் நுண்ணுயிர்ப் பெருக்கம். நீரில் அழுகும் இலைகளைத் தின்று கிருமிகள் பெருகி, வழுவழுப்பாகித் தண்டின் வாயை அடைக்கின்றன. குவளையைத் தொட்டால் வழுக்குவதும், நீர் நாறுவதும் இதன் அடையாளங்கள்.

மூன்றாவது காரணம் பசி. வெட்டிய பின்னும் பூ மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்தே அது வாழ்கிறது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அந்த மூச்சின் வேகம் 2 முதல் 3 மடங்காகும். குளிர்நாட்டில் ஒரு வாரம் நிற்கும் பூ நம் கத்திரி வெயிலில் இரண்டு நாளில் சாய்வதில் வியப்பென்ன?

நான்காவது காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு. எத்திலீன் என்பது அதன் பெயர். தெருவிளக்குக்கு எரித்த வாயு செடிகளைக் கெடுப்பதற்கு அதிலுள்ள எத்திலீனே காரணம் என்று ருசிய நாட்டு நெல்யுபோவ் 1901ஆம் ஆண்டில் கண்டார். அவ்வாயு கார்னேஷன் பூக்களை மூடி உறங்கச் செய்து கெடுப்பதை அமெரிக்காவில் குரோக்கர், நைட் இருவரும் 1908இல் காட்டினர். பழுக்கும் கனியே இவ்வாயுவை உண்டாக்குகிறது என்பது 1934இல் கேன் என்பவரால் உறுதியாயிற்று. ஆகவே வாழைப்பழச் சீப்பின் அருகில் வைத்த பூச்செண்டு விரைவில் முதுமை எய்தும். வாடிய பூவும் அதே வாயுவை வெளியிட்டு அண்டையிலுள்ள பூவை வாட்டும்.

காரணம் தெரிந்தால் வழி தானே விளங்கும். செண்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைச் சுற்றியுள்ள கண்ணாடித்தாளை நீக்குக. வாளியில் நீர் நிரப்பி, தண்டின் நுனியை நீருக்குள்ளேயே வைத்து, கூரிய கத்தியால் விரற்கடை அளவு சாய்வாக அறுத்திடுக. மழுங்கிய கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும். நீருக்குள் அறுத்தால் காற்று புகாது. சாய்வாக அறுத்தால் தண்டு குவளையின் அடியில் ஒட்டி அடைபடாது. நீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் களைக. மேலிலைகளில் சிலவற்றை விட்டுவைக்கலாம். கழுத்துச் சாய்ந்த ரோஜாவை மறுபடி அறுத்து, தாளில் நிமிர்த்திச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆழ நிறுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

குவளை உணவுப் பாத்திரம்போல் தூய்மையாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் நீரை மாற்றுக. இரண்டு நாளுக்கொருமுறை தண்டைச் சிறிது அறுக்க. நீரை மாற்றாவிடில் பூவுக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் கேடு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த தேங்கு நீரிலேயே. மாற்றிய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் தொட்டிச் செடிக்கு ஊற்றுக. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

பூவுக்கு உணவூட்ட விரும்புவோர் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலக்கலாம். சர்க்கரை பசி தீர்க்கும். புளிப்பு நீர் குழாயில் எளிதில் ஏறும். ஆனால் சர்க்கரை கிருமிக்கும் விருந்தன்றோ? ஆகவே சர்க்கரை இட்டால் நாள்தோறும் நீர் மாற்றுவது கட்டாயம். துணி வெளுக்கும் குளோரின் நீரில் சில துளிகள் சேர்ப்போரும் உளர். அதனைக் குவளை நீர் முழுதிலும் கலந்தே சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றோடு நேரே கலந்தால் நச்சு வாயு எழும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

கடற்கரை வாழ்வோர்க்குத் தனியே சில குறிப்புகள் உண்டு. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. உப்பு நீர் பூவின் தாகத்தைத் தீர்க்காது. தண்டின் ஈரத்தையும் அது இழுக்கும். குடிப்பதற்குச் சேமித்த நன்னீரோ மழைநீரோ இடுக. கடற்காற்று வீசும் சாளரத்தருகிலும் மின்விசிறியின் கீழும் குவளையை வைக்கலாகாது. காற்றில் ஈரம் மிகுந்த இக்கரையில் நீர் ஆவியாவது குறைவு. அதனால் செங்கல்பட்டில் குளிரும் அளவுக்குக் கோவளத்தில் மண்பானை குளிராது. ஆயினும் அதே ஈரத்தால் பூவின் தாகமும் குறைகிறது. பூஞ்சணம் மட்டும் இங்கே விரைந்து பற்றும். ஆகவே உள்நாட்டார் பூவுக்குத் தண்மையையும் கடற்கரையார் தூய்மையையும் முதலாகக் கருதுக. இரவில் குளிர்பெட்டியில் வைப்பதாயின் பழங்களை அப்புறப்படுத்துக. ஆந்தூரியம், ஆர்க்கிட் போன்ற வெப்பநாட்டு மலர்களை அதனுள் வைத்தால் கருத்துப்போகும்.

பச்சைநிறக் கட்டியில் செருகப்பட்ட அலங்காரச் செண்டுகளையும் காண்கிறோம். அக்கட்டி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1954ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு மேலிருந்து சிறிது சிறிதாக நீர் ஊற்றி வர வேண்டும். செருகிய தண்டைப் பிடுங்கி அதே துளையில் மீண்டும் செருகினால் காற்று அடைபடும். இக்கட்டி மண்ணில் மக்குவதில்லை. இயன்றவரை அதனை விலக்கிக் குவளையையே நாடுவது நலம்.

பரவலான நம்பிக்கைகள் சிலவற்றையும் உரசிப் பார்ப்போம். செப்புக்காசு இட்டால் பூ வாடாது என்பர். செம்பு கிருமியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும் காசிலிருந்து கரையும் செம்பு மிகச் சிறிது. இன்று நாம் புழங்கும் காசுகளோ பெரும்பாலும் எஃகு. ஆஸ்பிரின் மாத்திரை நீரைச் சிறிது புளிப்பாக்கும். ஆயின் எல்லாப் பூவுக்கும் ஒரே சீராகப் பயன் தருவதில்லை. மருந்தை மனிதருக்கு வைத்துவிட்டு எலுமிச்சையைப் பூவுக்குத் தருக. உப்பு இடுவது பற்றிக் கூறவேண்டியதில்லை. அரளிப்பூவைக் குவளையில் வைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: அச்செடி முழுதும் நஞ்சு, அது நின்ற நீரும் நஞ்சே. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க.

ஊருக்குப் பெயர் தந்த செங்கழுநீரின் இயல்பு வேறு. ஆம்பலினத்துப் பூக்கள் கொய்த பின்னும் தமக்குரிய வேளையில் விரியும். தமக்குரிய வேளையில் கூம்பும். அவை கூம்பியதைக் கண்டு வாடின என்று எண்ணி எறிந்துவிடுவோர் உளர். மறுவேளை வரை பொறுத்தால் அவை மீண்டும் விழிக்கும். ரைஹானின் இயல்போ இன்னும் வியப்பானது. திருநீற்றுப்பச்சைக் கிளையை நீரில் வைத்தால் சில நாளில் வேர்விடும். மண்ணில் நட்டால் புதுச்செடி. செண்டில் அதை ஒரு கிளை சேர்த்துக் கட்டுமாறு பூக்காரரிடம் கேட்பது நன்று. மற்ற பூக்கள் உதிர்ந்த பின்னும் திருமணத்தின் நினைவாக அது வீட்டு வாசலில் தழைக்கும்.

இவ்வளவும் கூறியதன் நோக்கத்தை முடிவில் எடுத்துரைப்போம். இரு கப்றுகளைக் கடந்து சென்ற நபி பெருமானார் (ஸல்) அவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டையொன்றை இரண்டாகப் பிளந்து அவ்விரண்டிலும் நட்டார்கள் என்றும், அவை உலராதிருக்கும் வரை அவ்விருவரின் வேதனை இலேசாகலாம் என்ற கருத்தில் மொழிந்தார்கள் என்றும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. இச்செயல் அவர்களுக்கே உரியதா, நாமும் பின்பற்றத் தக்கதா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனுள் நாம் இங்கே புகவில்லை. உலராதிருக்கும் காலம் என்று ஒரு காலம் கணக்கிடப்பட்டதே, அதை மட்டும் நோக்குகிறோம். பசுமையாய் நிற்கும் ஒரு கிளையின் நாள்களுக்கு மதிப்பு உண்டு. அவற்றைப் பொருளற்றவை என்று கருதலாகாது என்பது அதனால் பெறப்படும்.

பூச்செண்டை விலக்குக என்னும் பெரியோர்க்கு நாம் கூறுவது இதுவே. பொழுது விடியுமுன் பனியில் நனைந்து கொய்தவரின் உழைப்பும், நீரும், நிலமும், கொடுத்தவரின் அன்பும் அச்செண்டில் அடங்கியுள்ளன. ஒரே இரவில் அதைக் குப்பையாக்குவது விரயம், அதில் ஐயமில்லை. ஒரு குவளை நன்னீரும் ஒரு கூரிய கத்தியும் நாள்தோறும் ஐந்து நிமிடமும் செலவிட்டு அதனை ஒரு வாரம் வாழவைத்தால் அதே செண்டு அருட்கொடைக்குச் செலுத்தும் நன்றியாகும். இருபது செண்டு வாங்கி எறிவதைவிட இரண்டு வாங்கிக் காப்பது மேல். எஞ்சிய பணம் ஓர் ஏழை மணமகளுக்கு உதவட்டும்.

எவ்வளவு காத்தாலும் பூ ஒரு நாள் செம்மலாகும். அதற்காக வருந்துவாரில்லை. உலக வாழ்வைப் பசுமையாகி, பின் உலர்ந்து, காற்றில் சிதறும் பயிருக்கு ஒப்பிடும் உவமை கஹ்ஃபு அத்தியாயத்தில் இருப்பதை நாம் ஓதி வருகிறோம். வாடுவது படைப்பின் நியதி. வாடுமுன் பேணுவது நம் கடமை.